வட்ஸ்அப் வருகிறது, வெப்சைட் திறக்கவில்லை: பேச்சு எந்த வரியில் நின்றது?

சாவகச்சேரியில் உயர்தரம் ஐசிடி படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வீட்டு வைஃபையில் வட்ஸ்அப் செய்தி வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பிரவுசரில் ஒரு தளமும் திறக்கவில்லை. கொம்பனிக்கு அடித்தால் லைன் சரி என்கிறார்கள். சந்தியில் போன் கடை வைத்திருப்பவர் நெட் இல்லை என்கிறார். யார் சொல்வது சரி? கூடவே இன்னொன்றும் கேட்கிறார்: பிரயோக அடுக்கு என்ற பாடத்தில் எச்டிடிபி, டிஎன்எஸ், எஸ்எம்டிபி, எஃப்டிபி என்று பெயர்களையும் போர்ட் எண்களையும் பாடமாக்குகிறேன், இவை உண்மையில் என்னதான் செய்கின்றன?

இரண்டு கேள்வி போலத் தெரிகிறது, ஆனால் ஒன்றுதான். ‘நெட் இருக்கு’, ‘நெட் இல்லை’ என்று நாங்கள் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே, அது எதைக் குறிக்கிறது என்பதுதான் கேள்வி. யாழ்ப்பாணத்தில் இருபது வருடத்துக்கு மேலாக நான் இந்த வேலையில் இருக்கிறேன். பாடசாலை ஆய்வுகூடம், ரியூட்டரி, கடை, வீடு என்று போகாத இடமில்லை. உங்கள் விடயத்தில் கொம்பனிக்காரரும் கடைக்காரரும் இருவருமே சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். ஒருவர் பாதையைப் பார்த்துச் சொல்கிறார். மற்றவர் அந்தப் பாதையில் நடக்க வேண்டிய பேச்சைப் பார்த்துச் சொல்கிறார். பாதை திறந்திருந்தும் பேச்சு நடக்காமல் போகலாம். பிரயோக அடுக்கு என்பது அந்தப் பேச்சு.

பாசையூரில் விடியக்காலையில் மீன் ஏலம் போவதைப் பார்த்திருப்பீர்கள். கூறுபவர் ஒரு விலையில் தொடங்குவார், வாங்க வந்தவர்கள் கூட்டிக் கேட்பார்கள், கடைசி விலையைத் திரும்பத் திரும்பச் சொல்லி முடித்துவிட்டால் அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்க முடியாது. யார் முதலில் பேசுவது, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எது முடிவு என்கிற மூன்றும் எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் அவ்வளவு இரைச்சலுக்குள்ளும் வியாபாரம் நடக்கிறது. மீன் எந்தப் பாதையால் வந்தது, லொறியில் வந்ததா சைக்கிளில் வந்ததா என்பது ஏலத்துக்குத் தேவையில்லை. நெறிமுறை, அதாவது புரோட்டோகோல், என்றால் இந்த மூன்றையும் எழுதி வைத்த ஒப்பந்தம். குரோமும் பயர்பொக்சும் ஏலத்துக்கு வருகிற ஆட்கள். எச்டிடிபி என்பது அவர்கள் கடைப்பிடிக்கிற முறை. பரீட்சையில் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிற பிள்ளைகள் நிறையப் பேர், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

இதை நான் புத்தகத்தில் படித்து விளங்கிக்கொள்ளவில்லை, கையால் தட்டிப் பார்த்துத்தான் விளங்கியது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு இங்கே நெட் கபேக்கள் வரத் தொடங்கின. நான் வேலைக்குச் சேர்ந்த கபேயில் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு, அதில் டயல் செய்துதான் எல்லாம். கனடாவில் இருக்கிற பிள்ளைகளுக்கு மெயில் எழுத வருகிற அம்மாமார் சொல்லச் சொல்ல நாங்கள் தட்டுவோம். இணைப்பைத் துண்டித்து வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து கடிதம் சேர்ப்போம், பிறகு ஒருதரம் டயல் செய்து எல்லாவற்றையும் அனுப்புவோம். ஒருநாள் ஒரு கடிதமும் போகவில்லை. எங்களுக்குச் சேவை தந்த நிறுவனத்தில் போனை எடுத்த தொழில்நுட்பவியலாளர், மெயில் மென்பொருளை மூடிவிட்டு டெல்நெட்டில் 25 ஆம் போர்ட்டுக்குப் போய் நான் சொல்வதைத் தட்டு என்றார். டெல்நெட் என்பது இன்னொரு கணினியோடு நேரே தட்டிப் பேசுகிற மென்பொருள். போர்ட் என்பது ஒரு கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய கதவின் எண், 25 மெயிலுக்கு.

தட்டினேன். முதலில் பேசியது சேர்வர்: 220 என்ற எண்ணும் அதன் பெயரும். நான் ‘ஹெலோ’ என்று தட்டி எங்கள் கணினியின் பெயரைக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை ஒரே ஓர் எல் போட்டு நான்கே எழுத்தில் எழுத வேண்டும், நான் இரண்டு எல் போட்டு 500 என்று பிழை வாங்கி, திருத்தித் தட்டியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. 250 வந்தது, சரி என்று பொருள். பிறகு ‘மெயில் ஃப்ரம்’, அனுப்புபவர் முகவரி. 250. ‘ஆர்சிபிடி டு’, பெறுபவர் முகவரி. 250. ‘டேட்டா’ என்று தட்டியதும் 354, அதாவது எழுது, ஒரு வரியில் தனிப் புள்ளி மட்டும் வைத்தால் முடிந்ததென்று எடுத்துக்கொள்கிறேன் என்று பதில். இரண்டு வரி எழுதி, தனியே ஒரு புள்ளி வைத்து என்டர் அடித்தேன். 250. கடிதம் போய்விட்டது. பழுது எங்கள் மென்பொருளின் அமைப்பில்தான், சேர்வரில் இல்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு வெளித்தது. உள்ளே மாயம் ஒன்றுமில்லை, ஒருவர் சொல்ல மற்றவர் பதில் சொல்கிறார். மெயில் அனுப்புகிற இந்த முறைதான் எஸ்எம்டிபி, அதை ஜோன் போஸ்டல் எழுதியது 1982 இல். அந்த உரையாடலின் எலும்பு இன்னும் அப்படியே இருக்கிறது. இன்று நீங்கள் ஜிமெயிலில் அனுப்புகிற கடிதமும் ஒரு சேர்வரிலிருந்து மற்றதற்குப் போகும்போது இதே சொற்களைத்தான் பேசுகிறது, மறையாக்கம் என்ற போர்வைக்குள்ளே. வீட்டிலிருந்து நீங்களும் தட்டிப் பார்க்கலாம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் குப்பை மெயிலைத் தடுக்கப் பல கொம்பனிகள் வீட்டு இணைப்பில் 25 ஐ மூடி வைத்திருக்கின்றன. ரியூட்டரியிலோ பாடசாலையிலோ உள்ளக வலையமைப்பில் ஒரு மெயில் சேர்வர் போட்டுத் தந்தால் தட்டலாம். ஒரு மணி நேரம் போதும், வாழ்நாள் முழுக்க மறக்காது.

அந்த உரையாடலில் ஒன்றைக் கவனித்தீர்களா? ‘மெயில் ஃப்ரம்’ என்ற இடத்தில் நான் யாருடைய முகவரியைத் தட்டினாலும் சேர்வர் 250 என்று சொல்லியிருக்கும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிறிய உலகத்துக்காக எழுதிய முறை அது. வங்கி பெயரில் வருகிற பொய் மெயில்கள் பல அந்த ஓட்டையால் வந்தவைதான். பிறகு எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்று இரண்டு ஏற்பாடு செய்தார்கள்: இந்தப் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சேர்வருக்கு உரிமை உண்டு, அதன் கையொப்பத்தை எந்தச் சாவியால் சரிபார்ப்பது என்பதை, தளப் பெயர்களுக்கு எண் சொல்கிற டிஎன்எஸ்ஸில் எழுதி வைத்துவிடுவது. மெயிலுக்கும் டிஎன்எஸ் தேவைப்படுகிறது பாருங்கள். டிஎன்எஸ் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அந்த எண்களைப் பற்றி ஒரு சொல். முதல் இலக்கம் 2 என்றால் நடந்தது, 3 என்றால் மேலே தொடர். 4 இலும் 5 இலும்தான் குழப்பம். எஸ்எம்டிபியில் 5 என்றால் நிரந்தரமாக முடியாது, 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. அனுப்புகிற சேர்வர் வரிசையில் வைத்துக்கொண்டு நான்கைந்து நாள்வரை திரும்பத் திரும்ப முயலும். எச்டிடிபியில் 4 என்றால் பிழை கேட்டவர் பக்கம், 5 என்றால் பிழை சேர்வர் பக்கம். 404 என்பதைப் பார்த்து நெட் இல்லை என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் 404 வந்தால் சந்தோசப்பட வேண்டும்: பாதை, பெயர், சேர்வர், பேச்சு எல்லாம் சரி, நீங்கள் கேட்ட பக்கம் மட்டும் அங்கே இல்லை.

எச்டிடிபியில் முதலில் பேசுவது நீங்கள். 1990 அளவில் ரிம் பேர்னர்ஸ்-லீ சேர்ன் ஆய்வகத்தில் செய்த முதல் வடிவத்தில் கேள்வி ஒரே வரி: ‘கெட்’, அதன் பின்னால் பக்கத்தின் பெயர். பதிலாகப் பக்கம் வரும், இணைப்பு மூடப்படும். அவ்வளவுதான். 1997 இல் வந்த 1.1 பதிப்பில் ‘ஹோஸ்ட்’ என்ற வரி கட்டாயமானது, ஏனென்றால் ஒரே ஐபி முகவரியில், அதாவது ஒரே எண் முகவரியில், நூறு தளம் இருக்கலாம், எந்தத் தளத்தைத் தேடி வந்தாய் என்று சொல்லாவிட்டால் சேர்வருக்குத் தெரியாது. கேள்வி முடிந்தது என்பதற்கு அடையாளம் ஒரு வெற்று வரி. மெயிலுக்குப் புள்ளி, இதற்கு வெற்று வரி. ஏலத்தில் மூன்றாம் தரம் சொல்வது போல.

இனி உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு மிக நெருக்கமானது: டிஎன்எஸ். நூலகம் என்ற எங்கள் தமிழ் மின்னூலகத் தளத்தை (noolaham.org) திறக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு றவுட்டரால் ஒன்றும் செய்ய முடியாது, அதற்கு எண் வேண்டும். அதனால் ‘கெட்’ என்று சொல்வதற்கு முதல் இன்னொரு பேச்சு நடந்தாக வேண்டும்: இந்தப் பெயருக்கு என்ன எண்? 53 ஆம் போர்ட்டுக்கு ஒரு சின்னப் பொதி போகிறது. நூலகம் தளத்தின் பெயருக்கு அந்தக் கேள்வி அடிப்படை வடிவில் வெறும் 30 பைட்தான். உங்கள் கொம்பனியின் பெயர்ச் சேர்வருக்குப் பதில் தெரியாவிட்டால், அது உங்களுக்காக மேலே போய் மூலச் சேர்வரைக் கேட்கும், அது அடுத்தவரைக் காட்டும், அவர் அடுத்தவரைக் காட்டுவார். 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் இதை வடிவமைப்பதற்கு முன், வலையமைப்பில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் கலிபோர்னியாவில் ஓர் இடத்தில் ஒரே கோப்பாக இருந்தன. எல்லோரும் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரே பதிவேட்டில் முழு மாவட்டத்தையும் எழுதாமல், அந்தந்தப் பிரிவை அந்தந்தக் கிராம அலுவலரிடம் பிரித்துக் கொடுத்த மாதிரி டிஎன்எஸ் வேலையைப் பிரித்துவிட்டது. எல்கே என்று முடிகிற பெயர்களை எங்கள் நாட்டிலேயே பார்த்துக்கொள்கிறார்கள், 2010 இலிருந்து ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடிகிற பெயரும் இருக்கிறது.

இந்த முதல் பேச்சு நடக்காவிட்டால் பிரவுசரால் அடுத்த அடி வைக்க முடியாது. பாதை நூறு சதவீதம் சரி, எண்ணைக் கேட்டால் பதில் இல்லை. அப்படியானால் வட்ஸ்அப் எப்படி வருகிறது? வட்ஸ்அப் ஒவ்வொரு செய்திக்கும் புதிதாகப் பெயர் கேட்பதில்லை. காலையில் ஒருதரம் சேர்வருடன் இணைப்பு எடுத்தால் அதைத் திறந்தபடியே வைத்திருக்கும், செய்திகள் அதற்குள்ளால் வந்து போகும். இடையில் டிஎன்எஸ் செத்தாலும் அந்தப் பழைய இணைப்புக்கு ஒன்றும் ஆகாது. பிரவுசரோ தளத்துக்குத் தளம் புதிய பெயர் கேட்கிறது, அதனால் முதலில் அடி வாங்குவது பிரவுசர். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவுடன் என் மனதில் வந்த முதல் சந்தேகம் இதுதான். ஆனால் இது சந்தேகம் மட்டும். உங்கள் றவுட்டர் முன்னால் நான் இல்லை, இதே அறிகுறியைக் காட்டுகிற காரணங்கள் இன்னும் இரண்டு மூன்று உண்டு.

பெயர்ச் சேர்வர் எது என்று உங்கள் போனுக்கு யார் சொன்னது? டிஎச்சிபி. வைஃபையில் சேர்ந்தவுடன் போன் ‘இங்கே யாராவது முகவரி தருவீர்களா’ என்று எல்லோரும் கேட்கக் கத்துகிறது. றவுட்டர் ஒன்றை நீட்டுகிறது, போன் அதையே தா என்கிறது, றவுட்டர் சரி என்கிறது. முகவரியோடு, வெளியே போகிற வாசல் எது, பெயர் கேட்க வேண்டிய இடம் எது என்பதும் சேர்ந்து வரும். இதில் ஒரு பலவீனம் இருக்கிறது: கத்தும்போது யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவரை நம்பிவிடும். நகரில் ஒரு ரியூட்டரியில் முப்பது கணினியில் பாதி வேலை செய்யும், பாதி செய்யாது, நாளைக்கு அது மாறும். இரண்டு நாள் கேபிளைச் சோதித்தேன், கணினிகளை இணைக்கிற சுவிட்சை மாற்றினேன். மூன்றாம் நாள் வேலை செய்யாத ஒரு கணினியில் வாசல் முகவரியைப் பார்த்தால், அது எங்கள் றவுட்டருடையதே அல்ல. மேல்மாடியில் ஓர் ஆசிரியர் வைஃபை எட்டவில்லை என்று வீட்டிலிருந்து பழைய றவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, நீளக் கேபிள் ஒன்றால் எங்கள் சுவிட்சோடு பொருத்தியிருந்தார். அதுவும் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது, எங்கும் போகாத வாசலைக் காட்டி. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் முகவரியையும் வாசலையும் பெயர்ச் சேர்வரையும் பார்த்துவிட்டுத்தான் கேபிளைத் தொடுவேன். முகவரி 169.254 என்று தொடங்கினால் ஒருவரும் பதில் சொல்லவில்லை, கணினி தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள்.

இரண்டாவது சந்தேகம் பக்கேஜ். எங்கள் நாட்டில் வட்ஸ்அப்புக்கும் சமூக ஊடகத்துக்கும் தனியாக டேட்டா விற்கிறார்கள். பொது டேட்டா முடிந்து அது மட்டும் மிச்சமிருந்தால் நீங்கள் சொல்கிற அறிகுறி அச்சொட்டாக வரும், கொம்பனியும் லைன் சரி என்றுதான் சொல்லும். நல்ல கேள்வி என்னவென்றால், எல்லாம் மறையாக்கம் செய்து போகும்போது இது வட்ஸ்அப், இது வேறு என்று கொம்பனிக்கு எப்படித் தெரியும்? நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று தெரியாது. ஆனால் எந்த ஐபி முகவரிக்குப் போகிறீர்கள் என்று தெரியும். அதோடு, பாதுகாப்பான இணைப்பு தொடங்குகிற முதல் பொதியில் நீங்கள் தேடிப் போகிற தளத்தின் பெயர் பெரும்பாலும் திறந்தபடியே போகிறது, மேலே சொன்ன அதே ‘ஒரே முகவரியில் நூறு தளம்’ காரணத்துக்காக. அந்தப் பெயரையும் மறைக்கிற ஏற்பாடு வந்திருக்கிறது, ஆனால் எல்லாத் தளமும் அதற்கு மாறவில்லை.

மூன்றாவது, பிரவுசர் கணினியிலும் வட்ஸ்அப் போனிலும் என்றால் மட்டும்: கணினியின் திகதியைப் பாருங்கள். 2022 மார்ச் முடிவில் நாளுக்குப் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் எனக்கு வந்த அழைப்புகளில் கணிசமானவை இதுதான். போட்டோக் கொப்பிக் கடை ஒன்றில் போய்ப் பார்த்தேன். பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சிவப்பு முக்கோணம், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று. கடைக்காரர் வைரஸ் என்று பயந்து வின்டோசை மாற்றச் சொன்னார். மூலையில் திகதி 2009 ஜனவரி 1. மதர்போர்டில் காசு மாதிரி இருக்கிற சீஆர் 2032 பற்றறி செத்துப் பல மாதம் ஆகியிருக்கும். கரண்ட் இருக்கும்வரை கடிகாரம் ஓடும், ஒருதரம் நின்றால் பிறந்த நாளுக்குப் போய்விடும். தளங்கள் காட்டுகிற சான்றிதழில் இந்தத் திகதி முதல் இந்தத் திகதிவரை செல்லும் என்று இருக்கும். 2009 இல் நிற்கிற கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் நம்ப மறுக்கிறது. நெட்டில் பழுதில்லை, சேர்வரில் பழுதில்லை, பற்றறியில் பழுது. பற்றறியை மாற்றித் திகதியைத் திருத்தியதும் எல்லாத் தளமும் திறந்தன. நேரத்தைக் கேட்டு வாங்குவதற்கென்று என்டிபி என்றொரு நெறிமுறை, போர்ட் 123, இதே அடுக்கில்தான் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடுகிற அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

தமிழில் வாழ்கிற எங்களுக்கு இந்த அடுக்கில் இன்னொரு கதை உண்டு, இதைப் புத்தகம் சொல்லாது. இந்தப் பழைய நெறிமுறைகள் எல்லாம் ஆங்கில எழுத்தை மட்டும் மனதில் வைத்து எழுதியவை. நூலகம் தளத்தில் தமிழ்த் தலைப்புள்ள ஒரு பக்கத்தின் முகவரியைப் பிரதி எடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்ட வால் ஒன்று வரும். ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல்லை எடுங்கள். யூனிகோட் கணக்கில் ய, கால், ழ, புள்ளி என்று எண்ணிக்கொண்டு போனால் 11 குறியீடு. அவற்றைப் பைட்டாக எழுதுகிற யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 33 பைட். எச்டிடிபியின் கேள்வி வரியில் அந்தப் பைட்டுகளை அப்படியே வைக்க முடியாது, ஒவ்வொன்றையும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாற்ற வேண்டும். 99 எழுத்து! எங்கள் ஊரின் பெயருக்கு மட்டும். ‘.இலங்கை’ என்ற முடிவும் டிஎன்எஸ்ஸுக்குள் போகும்போது எக்ஸ், என், இரண்டு சிறுகோடு (ஹைபன்) என்று தொடங்குகிற ஆங்கில எழுத்துக் கோவையாக மாறித்தான் போகிறது.

கபேக் காலத்தில் இது இன்னும் மோசம். நாங்கள் தட்டியது பாமினி எழுத்துருவில். பாமினியில் ‘அம்மா’ என்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச், அவ்வளவுதான். தமிழாகத் தெரிவது அந்த எழுத்துரு எங்கள் கணினியில் இருப்பதால். ரொறன்ரோவில் பிள்ளையின் கணினியில் பாமினி இல்லாவிட்டால் அம்மாவின் கடிதம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகப் போய்ச் சேரும். எஸ்எம்டிபி தன் வேலையைப் பிசகில்லாமல் செய்தது, ஒவ்வொரு பைட்டும் ஒழுங்காகப் போனது, 250 வந்தது. இந்தப் பைட்டுகள் எந்த எழுத்து என்று சொல்கிற வரிதான் கடிதத்தின் தலைப்பில் இல்லை. பிறகு எழுத்துருவையும் இணைத்து அனுப்பப் பழகினோம், சிலவேளை தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினோம். ஒரு அம்மா தன் கடிதம் வாசிக்க முடியவில்லை என்று பிள்ளை சொன்னதைக் கேட்டு மறுநாள் வந்து அதையே திரும்பவும் முதலிலிருந்து சொன்னார், ஒரு சொல் மாறாமல். உள்ளடக்கம் எந்த எழுத்தாக்கத்தில் இருக்கிறது என்று சொல்கிற தலைப்பு வரியைப் பரீட்சைக்குப் படிக்கும்போது, அதன் தேவை எனக்கு அவர் முகத்தில்தான் தெரிகிறது.

வேகம் பற்றியும் ஒன்று. பெரிய பக்கேஜுக்கு மாறியும் சில தளங்கள் திறக்கச் சுணங்குகின்றன என்று பலர் கேட்கிறார்கள். காரணம் பேச்சின் சுற்றுகள். யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ நேர்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் போகும். ஆகவே போய் வர, ஒரு தடையும் இல்லாவிட்டால்கூட, 140 மில்லிவினாடி. கடலடி வடம் நேர்கோட்டில் போவதில்லை, உண்மையில் இதைவிடக் கூடத்தான் எடுக்கும். தளம் அங்கே இருந்தால் இணைப்பு எடுக்க ஒரு சுற்று, பழைய முறையில் பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு இரண்டு சுற்று, ‘கெட்’ சொல்லிப் பதில் வாங்க ஒரு சுற்று. நான்கு சுற்று, 560 மில்லிவினாடி, இன்னும் ஓர் எழுத்துக்கூடத் திரையில் விழவில்லை. வினாடிக்கு 10 மெகாபிட் இணைப்பை 100 ஆக்கினாலும் இந்தக் கணக்கு குறையாது. அகலமான வீதி போட்டால் கூட வாகனம் போகும், தூரம் குறையாது. அதனால்தான் நெறிமுறையையே மாற்றுகிறார்கள்: அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டின் பெயர் டிஎல்எஸ், அதன் 1.3 பதிப்பு ஒரு சுற்றை மிச்சப்படுத்தியது, 2022 இல் தரமாக வந்த எச்டிடிபி/3 இணைப்பையும் பாதுகாப்பையும் ஒரே சுற்றில் முடிக்கிறது. பெரிய தளங்கள் தங்கள் பிரதிகளைச் சிங்கப்பூரிலும் மும்பையிலும் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

குரல் அழைப்புக்கு வேறு நியாயம். பேசும்போது குரல் 20 மில்லிவினாடித் துண்டுகளாக, வினாடிக்கு 50 பொதியாகப் போகிறது. ஒன்று வழியில் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்குவதில் பயனில்லை, அது வரும்போது பேச்சு அதைத் தாண்டியிருக்கும். அதனால் யுடிபி, தொலைந்ததைத் திரும்பக் கேட்காமல் அனுப்பிக்கொண்டே போகிற முறை. கோப்பு அனுப்பும்போது ஒரு பைட்டும் தொலையக்கூடாது, அதனால் டிசிபி, வந்து சேராததைத் திரும்ப அனுப்பச் செய்கிற முறை.

லண்டனில் இருக்கிற மகன், இங்கே தனியே இருக்கிற பெற்றோரின் வீட்டுக் கமராவைப் பார்க்க வேண்டும் என்று மாதம் இரண்டு மூன்று பேராவது கேட்கிறார்கள். இது சேவையாளர் (சேர்வர்), பயனர் (கிளையன்ட்) என்ற பாடத்தின் நேரடிப் பயிற்சி. பார்க்கிறவர் பயனர், வீட்டில் இருக்கிற கமராப் பெட்டி சேர்வர். சேர்வருக்கு எல்லோரும் அறிந்த முகவரி வேண்டும். ஆனால் வீட்டு றவுட்டரின் வெளி முகவரி 100.64 இலிருந்து 100.127 வரைக்குள் இருந்தால், அது கொம்பனி தன் பாவனையாளர் பலருக்குப் பின்னால் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுப்பதற்கான உள் முகவரி. வெளியிலிருந்து யாரும் அந்தக் கதவைத் தட்ட முடியாது, றவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் சரிவராது. அப்போது கமராவும் மகனின் போனும் இரண்டுமே பயனராக மாறி, வெளியே இருக்கிற மூன்றாவது சேர்வர் ஒன்றில் சந்திக்க வேண்டும். கமராச் செயலிகள் அதைத்தான் செய்கின்றன. உங்கள் வீட்டின் படம் அந்த மூன்றாம் ஆள் வழியாகப் போகக்கூடும் என்பதை நான் எல்லோருக்கும் சொல்லிவிடுவேன், கடவுச்சொல்லைப் பெட்டியோடு வந்தபடி விடாதீர்கள் என்றும்.

பரீட்சைக்கு மிச்சமுள்ளவை: கோப்புகளை அனுப்பி எடுக்கிற எஃப்டிபி கட்டளைக்கு 21, கோப்புக்கு வேறொரு இணைப்பு. டெல்நெட் 23, கடவுச்சொல் உட்பட எல்லாம் திறந்தபடி போகும். 1995 இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவு போனதைப் பார்த்து தாத்து யுலோனென் எழுதியது எஸ்எஸ்எச், டெல்நெட் வேலையை மறையாக்கத்தோடு செய்கிற முறை, அந்த இரண்டுக்கும் நடுவில் காலியாக இருந்த 22 ஐக் கேட்டு வாங்கினார். போர்ட் எண் என்பது உடன்பாடு மட்டுமே. வெப் சேர்வரை 8080 இலும் ஓட்டலாம், வருகிறவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சரி, இப்போது உங்கள் வீடு. முதலில் போனில் பக்கேஜ் மிச்சத்தைப் பாருங்கள். அடுத்து கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து 8.8.8.8 க்கு பிங் செய்யுங்கள், பிங் என்றால் ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பதில் பார்க்கிற கட்டளை. பதில் வந்தால் பாதை சரி, கொம்பனி சொன்னது உண்மை. பிறகு பெயருக்கு எண் கேட்கிற கட்டளையான என்எஸ்லுக்கப் என்று தட்டி ஒரு தளத்தின் பெயரைக் கொடுங்கள். பதில் வராவிட்டால் அதையே திரும்பத் தட்டி, கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று சேருங்கள், அப்போது கேள்வி உங்கள் றவுட்டரிடம் போகாமல் நேரே கூகுளின் பெயர்ச் சேர்வரிடம் போகும். முன்னது வராமல் பின்னது வந்தால் பழுது றவுட்டர் காட்டுகிற பெயர்ச் சேர்வரில், அமைப்பில் பெயர்ச் சேர்வராக 8.8.8.8 ஐப் போட்டால் போதும். இரண்டும் வந்து பிரவுசர் மட்டும் சிவப்பு முக்கோணம் காட்டினால் திகதியைப் பாருங்கள். பிங்கே போகாமல் வட்ஸ்அப் மட்டும் வந்தால் பக்கேஜ் பக்கம்தான் என் சந்தேகம் திரும்பும், ஆனால் சில கொம்பனிகள் பிங்கை மட்டும் தடுத்து வைப்பதும் உண்டு, அதனால் அதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். எந்தக் கட்டளைக்கு என்ன பதில் வந்தது என்று அப்படியே எழுதுங்கள், எண்களோடு. இரவு எட்டு மணிக்குப் பிறகு நான் பார்ப்பேன்.